குமாஸ்தா எழுதிய குலம்

குரோஷியத் தலைநகர் சாக்ரெபின் பெரிய இசையரங்குக்கு வத்ரோஸ்லாவ் லிசின்ஸ்கியின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1973 டிசம்பரில் திறந்த அரங்கு. லிசின்ஸ்கி குரோஷிய மொழியின் முதல் ஓபராவுக்கு இசையமைத்தவர்; 1846இல் அது மேடையேறியது. இந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், ஒரு ஸ்லாவ் அகராதி கையில் இருந்தாலே பதில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். 'லிஸ்' என்றால் நரி. 'ஸ்கி' இடத்தைக் காட்டும் விகுதி. ஆகவே நரிகள் திரிந்த ஏதோ ஒரு மேட்டுநிலத்துக் குடும்பம். வேர் ஸ்லாவ். பெயரோ அபூர்வம், அபூர்வமென்றால் பழமை.

ஒவ்வொரு படியும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. வந்து சேர்ந்த இடம்தான் தப்பு. அந்த மனிதர் 1819இல் சாக்ரெபில் பிறந்தபோது அவர் பெயர் இக்னாசியஸ் ஃபுக்ஸ். ஃபுக்ஸ் ஜெர்மன் சொல். அதற்கும் நரி என்றுதான் பொருள். படித்த வாலிபர்கள் தங்கள் ஜெர்மன் பெயர்களைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த தேசிய எழுச்சிக் காலம் அது. ஃபுக்ஸ், லிசின்ஸ்கி ஆனார். இக்னாசியஸுக்குள் 'இக்னிஸ்' என்ற லத்தீன் நெருப்பு ஒலித்தது, நெருப்புக்குக் குரோஷியத்தில் 'வத்ரா', எனவே வத்ரோஸ்லாவ். மொழிபெயர்ப்பு அவ்வளவு நேர்த்தி, அதனால் தையல் தெரியவில்லை. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு சுவரில் முட்டிக்கொள்வார். முட்டியது தெரியாமல், சுவருக்கு அப்பால் ஒரு மலையையும் ஒரு பாட்டனையும் தானே உண்டாக்கிக்கொள்வார்.

இப்படி உண்டாக்கிய பாட்டன்களுக்கு இன்று நல்ல விலை இருக்கிறது. சிலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூன்றாம் நான்காம் தலைமுறையாக வாழும் குரோஷிய வம்சாவளியினர் தங்கள் பெயரை ஒரு பெட்டியில் தட்டுகிறார்கள். 'உங்கள் பெயரின் மூலம் இது, உலகில் இத்தனை பேருக்கு இந்தப் பெயர், இதோ உங்கள் குலச்சின்னம்' என்று சட்டம் போட்ட காகிதம் வருகிறது. மூன்று தகவல்களும் தனித்தனியே பொய்யாக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றும் ஒரே காகிதத்தில் வரும்போது ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு முடித்துக்கொள்ளும் நமக்கு, ஐரோப்பியரின் குடும்பப் பெயர் என்றால் ஆதிகாலம் தொட்டு வருவது என்ற எண்ணம் இருக்கிறது. அவர்களில் பலருக்கும் அதே எண்ணம்தான். நடந்தது வேறு. டல்மேஷியக் கடற்கரை நகரங்களின் மேட்டுக்குடியினரிடம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து குடும்பப் பெயர்கள் தென்படுகின்றன. உள்நாட்டுக் குடியானவருக்கு அது தேவைப்படவில்லை. ஊருக்கு நாலு மார்க்கோ இருந்தால் நொண்டி மார்க்கோ, கொல்லன் மார்க்கோ என்று அழைத்தால் போதும். தேவை மேலிருந்து வந்தது. நெருங்கிய உறவில் திருமணம் நடக்காமல் தடுக்க 1563இல் ட்ரெண்ட் திருச்சங்கம் பங்குதோறும் பதிவேடு வைக்கச் சொன்னது. 1614இல் ரோமிலிருந்து வந்த சடங்கு நூல் இறப்புக்கும் வீடுவாரியான ஆன்மக் கணக்குக்கும் ஏடு போடச் சொன்னது. இஸ்திரியாவின் உமாக் ஊரில் 1483லேயே ஞானஸ்நானப் பதிவேடு தொடங்கியிருக்கிறது, அது விதிவிலக்கு. துருக்கியர் ஆட்சியில் இருந்த பகுதிகளில் பெயர்கள் நிலைபெற இன்னும் நூறு, நூற்றைம்பது வருடங்கள் பிடித்தன.

ஆக, பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தப் பெயர் ஒரு பாதிரியார் மை தொட்டு எழுதிய நாளில் பிறந்தது. முந்தின நாள்வரை அது வெறும் அழைப்பு. மறுநாளிலிருந்து குலம்.

பொருள் தெரிந்துவிட்டால் மூலம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு, குரோஷியாவில் வேறெதையும்விட அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயரே சாட்சி. ஹோர்வட். பொருள், குரோஷியன். எல்லோரும் குரோஷியராக இருக்கும் ஊரில் ஒருவரை மட்டும் 'குரோஷியன்' என்று யாரும் அழைக்கப்போவதில்லை. துருக்கியப் படைகளுக்கு அஞ்சித் தெற்கிலிருந்து வடக்கே ஓடிவந்தவர்களை, தங்களை 'ஸ்லோவின்' என்று சொல்லிக்கொண்ட வடக்கத்தியர் அப்படி அழைத்தார்கள். ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் இதே பெயர் முன்வரிசையில் நிற்பதற்கும் இடப்பெயர்வே காரணம். அதாவது அந்தப் பெயர் தாங்கியவரின் இனத்தைவிட, அவர் வந்தேறி என்பதையே உறுதியாகச் சொல்கிறது. நோவாக் என்ற பெயரும் 'புதியவன்' என்று அதையே ஒளிக்காமல் சொல்கிறது. துர்கோவிச் துருக்கியரின் பேரன் ஆக வேண்டியதில்லை. துருக்கியரிடம் சிறைப்பட்டு மீண்டவனுக்கும் அந்தப் பெயர் ஒட்டும். 'க்ரால்' என்றால் அரசன். அரச வம்சம் என்று நினைத்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊர் வைத்த கேலிப் பெயர்தான். கோவாச் கொல்லர், லோன்சார் குயவர், கோலார் வண்டிச்சக்கரம் செய்பவர் என்பன ஓரளவு நம்பகமானவை. ஆனால் கொல்லர் இல்லாத ஊர் எது? ஒவ்வோர் ஊரிலும் ஒரு கொல்லன் பேரில் தனித்தனியே முளைத்த பெயர் அது. இரண்டு கோவாசெவிச்சுகள் உறவினர் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

சாதாரணப் பெயருக்கு இது பொருந்தும், அபூர்வப் பெயருக்கு ஒரே மூலம்தானே இருக்க முடியும் என்று கேட்கலாம். சில சமயம் சரி. ஆனால் ஒரு பெயர் எப்படி அபூர்வமாகிறது என்று பார்த்தால் அந்த உறுதி தளர்கிறது.

ஆண் வாரிசு இல்லாமல் பெயர் அற்றுப்போவது எளிய வழி. 1873இல் பிரான்சிஸ் கால்டன் இதைக் கணக்காகவே போட்டுக் கேட்டார். மறு வருடம் வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். எல்லாக் குடும்பப் பெயரும் என்றாவது அழியும் என்று அவர் முடித்தது கணக்குப் பிழை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் மக்கள்தொகை பெருகாத இடத்தில், போரோ கொள்ளைநோயோ இல்லாமலே, பெரும்பாலான பெயர்கள் சில தலைமுறைகளில் மறையும் என்பது நிற்கிறது. எஞ்சிய அபூர்வப் பெயர் பழமையால் எஞ்சியதல்ல. சீட்டுக் குலுக்கலில் தப்பியது.

இரண்டாவது வழி, எழுத்துப் பிழை. ஒரு பெரிய குடும்பத்தின் ஒரு கிளையை ஒரு குமாஸ்தா வேறுவிதமாக எழுத, அது தனிப் பெயராகிவிடுகிறது.

மூன்றாவது வழி, கப்பல். க்வார்னர் வளைகுடாவுக்கு அப்பால் சுசாக் என்று ஒரு தீவு. நாலு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பாறை நிறைந்த அந்தக் கடலில் இது மட்டும் மணல் தீவு. ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குடும்பப் பெயர்கள்: பிசினிச், புசானிச், மத்தேஷிச், ஸ்க்ரிவானிச், தரபோகியா, மோரின். 1948 சென்சஸில் தீவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். 2011இல் 151. எந்தப் போரிலும் அவர்கள் சாகவில்லை. பெரும்பாலோர் அமெரிக்காவின் நியூஜெர்சிக்கு, குறிப்பாக ஹோபோகன் நகருக்குப் போய்விட்டார்கள். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசி ஞாயிறு 'புலம்பெயர்ந்தோர் நாள்' கொண்டாட அவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள்.

இந்தத் தீவுப் பெயர் ஒன்று குரோஷியாவில் எவ்வளவு பரவலானது என்று கேட்டுப் பாருங்கள். விடை எந்த வருடத்து ஏட்டைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குரோஷியக் குடும்பப் பெயர்களுக்கு ஆதார நூலாக நெடுங்காலம் இருந்தது 1976இல் வாலென்டின் புதானெட்ஸும் பேதார் ஷிமுனோவிச்சும் பதிப்பித்த பெயர்க் களஞ்சியம். ஊர் ஊராக எண்ணிக்கை தரும் அருமையான வேலை. ஆனால் அதற்கு அடிப்படை 1948 சென்சஸ். 2008இல் ஷிமுனோவிச்சும் ஃப்ரான்யோ மாலேதிச்சும் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த பெயரேடு 2001 சென்சஸைக் கொண்டது. முதல் நூலில் சுசாக் நிரம்பி வழிகிறது. இரண்டாவதில் தீவு காலி. இரண்டுமே உண்மை. இந்த எண்களை வருடம் குறிப்பிடாமல் எடுத்து ஒட்டுகிறவர்தான் பொய்யை உண்டாக்குகிறார்.

1948 என்ற வருடத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அப்போது யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஸ்லவோனியாவின் ஜெர்மானியர் 1945க்குப் பிறகு துரத்தப்பட்டிருந்தார்கள். இஸ்திரியாவின் இத்தாலியர் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். உமாக், பூயே ஊர்கள் உள்ள வடமேற்கு இஸ்திரியா குரோஷியாவிலேயே இல்லை. ட்ரியெஸ்ட் சுதந்திரப் பிரதேசத்தின் பகுதியாக இருந்து 1954இல்தான் வந்து சேர்ந்தது. அளவுகோலையே அறுத்த பிறகு எடுத்த அளவு அது. அந்த ஏட்டில் ஒரு பெயர் இல்லையென்றால் 'குரோஷியாவில் அப்படியொரு பெயர் இருந்ததில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குரியவர்கள் மூன்று வருடம் முன்னர் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கைக்கு முன்பே எழுத்து காலை வாரிவிடும். 1830இல் லுட்விட் காய் என்ற இளைஞர் பூடாவில் ஒரு சிறு நூல் வெளியிட்டு, லத்தீன் எழுத்துகளின் தலையில் கொக்கி போடும் முறையைப் புகுத்தினார். அதுவரை ஒரே ஒலியை வெனிஸ் பக்கத்தார் ஒருவிதம், ஹங்கேரி பக்கத்தார் ஒருவிதம், ஜெர்மன் படித்தவர் ஒருவிதம் எழுதினார்கள். டல்மேஷியாவில் 'ழ்ஜ' என்பதற்கு நெருங்கிய ஒலிக்கு எக்ஸ் எழுத்தைப் போட்டார்கள். அந்தக் கால ஏட்டில் போஜிச் என்ற பெயர் போக்சிக் போலக் கண்ணுக்குத் தெரியும். இதில் ஒரு வேடிக்கை: எழுத்தைத் திருத்திய காயின் சொந்தக் குடும்பப் பெயரே முன்பு ஜெர்மன் முறையில் எழுதப்பட்டது. ஞானஸ்நானத்தில் அவர் லுட்விக்.

கொக்கி வந்ததும் தெளிவு வந்தது. கப்பலேறியதும் கொக்கி கடலில் விழுந்தது. பாஷிச் என்று ஒரு பெயர், பாஸிச் என்று இன்னொன்று. முன்னதில் துருக்கியப் பட்டச் சொல்லின் சாயல் இருக்கிறது. பின்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தின் தலையிலுள்ள கொக்கியையும் சாய்கோட்டையும் எடுத்துவிட்டால் அமெரிக்கக் கணினியில் இரண்டும் ஒன்றே. போதாததற்கு அங்கே அதை 'பேசிக்' என்று படிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரே குடும்பத்தின் அண்ணன் 'ச்' ஒலியை ஆங்கிலக் காதுக்கேற்ப நீட்டி எழுத, தம்பி வெறும் சி எழுத்தோடு விட, உலகப் பரவல் வரைபடத்தில் அவர்கள் இரண்டு தனிக் குலங்கள். 1976இல் பாரிஸ் ஒயின் போட்டியில் பிரெஞ்சுக்காரரைத் திகைக்க வைத்த கலிபோர்னிய ஒயினைச் செய்த மைக் கெர்கிச், டெஸ்னே என்ற டல்மேஷியக் கிராமத்து மில்யென்கோ கெர்கிச்தான். அமெரிக்காவில் பெயரின் வால் நீண்டது. சிலியின் அதிபராக இருந்த கேப்ரியல் போரிச்சின் முன்னோர் உக்ல்யான் தீவிலிருந்து போனவர்கள். ஸ்பானிய எழுத்தில் கொக்கிக்கும் கோட்டுக்கும் இடமில்லாமல் பெயர் மொட்டையானது. அகராதியும் வரைபடமும் இவர்களையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்க்கின்றன என்று கேட்டால் பதில் வராது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். 1776 முதல் 1789 வரை மலையாளக் கரையில் ஊழியம் செய்து, 1790இல் ரோமில் ஐரோப்பாவின் முதல் அச்சிட்ட சமஸ்கிருத இலக்கணத்தை வெளியிட்ட பவுலினுஸ் பாதிரியார். ஆஸ்திரியாவில் குடியேறிய குரோஷியக் குடும்பத்தில் பிறந்தவராகக் கருதப்படுபவர். அவருடைய குடும்பப் பெயர் வெஸ்டின், வெஸ்தின், வெர்டின் என்று நூலுக்கு நூல் மாறுகிறது. கற்றறிந்த, அச்சேறிய ஒருவர் பெயருக்கே இந்தக் கதி. கைநாட்டு வைத்த குடியானவனை யோசித்துக்கொள்ளலாம்.

எல்லிஸ் தீவுக் குடியேற்ற அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அமெரிக்கக் குடும்பங்களில் சொல்லும் கதையையும் இங்கேயே கழித்துவிடலாம். அங்கே இருந்தவர்கள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் கிளம்பும் துறைமுகத்தில் தயாரான பட்டியலைச் சரிபார்த்தார்கள். மாற்றம் பெரும்பாலும் அதற்கு முன்போ, பின்னர் பள்ளியிலோ தொழிற்சாலையிலோ நடந்தது. தவறான அலுவலகத்தின்மேல் பழி போட்டால் தவறான இடத்தில் தேடுவோம், அவ்வளவுதான் நஷ்டம்.

குமாஸ்தாவின் பிழை ஒன்று. அரசின் ஆணை வேறொன்று. முதல் உலகப் போருக்குப் பின் இஸ்திரியாவும் சுசாக் உள்ளிட்ட சில தீவுகளும் இத்தாலிக்குப் போயின. 1926 ஜனவரியில் ட்ரெண்டினோவுக்கென்று வந்த ஓர் ஆணை 1927 ஏப்ரலில் இங்கும் நீட்டிக்கப்பட்டது. ஸ்லாவ் குடும்பப் பெயர்களை இத்தாலிய வடிவுக்கு 'மீட்டுக் கொடுப்பது' அதன் நோக்கம். சொல்லைக் கவனியுங்கள்: மாற்றுவது அல்ல, மீட்பது. எல்லாப் பெயரும் முன்பு இத்தாலியமாகத்தான் இருந்தன, பாதிரிமார் கெடுத்துவிட்டார்கள் என்பது வாதம். வோடோபிவெட்ஸ் பெவிலாக்குவா ஆனது. இரண்டுக்கும் 'தண்ணீர் குடிப்பவன்' என்று பொருள். போருக்குப் பின் சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், சிலர் இத்தாலிக்கே போய்விட்டார்கள். அவர்களின் பேரன் இன்று பெயரகராதியைத் திறந்தால் 'இத்தாலியக் குடும்பம்' என்று படிப்பான். ஃபுக்ஸ் லிசின்ஸ்கி ஆனது விருப்பம், இது கட்டாயம். ஏட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இனி அந்தச் சட்டம் போட்ட சின்னம். குலச்சின்னத்தை அரசர் ஒரு மனிதருக்கும் அவர் சந்ததிக்கும் கொடுத்தார், பெயருக்குக் கொடுக்கவில்லை. ஒரே பெயர் கொண்ட பத்துக் குடும்பங்களில் ஒன்றிடம் சாசனம் இருந்தால் மற்ற ஒன்பதுக்கும் அதில் பங்கில்லை. இந்த மோசடியை இணையக் கடைக்காரர் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், டுப்ரோவ்னிக் அருகே ஸ்லானோவில் பிறந்து ஸ்பெயின் அரசரின் கடற்படையில் உயர்ந்த பேதார் ஒஹ்முச்செவிச், தன் உயர்குடிப் பிறப்பை நிறுவ வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து 'இல்லிரியச் சின்ன ஏடு' என்று இன்று அழைக்கப்படும் வகை நூல்கள் பிறந்தன. பால்கன் அரச குலங்களின் சின்னங்களுக்கு நடுவே ஒஹ்முச்செவிச்சின் சின்னமும் வசதியாக உட்கார்ந்திருக்கும். தேதியிட்டவற்றில் மிகப் பழைய பிரதி 1595ஆம் ஆண்டினது. பொஸ்னியாவின் ஃபோய்னிட்சா மடத்திலுள்ள பிரதியில் 1340 என்று எழுதியிருக்கிறது. அந்தத் தேதியை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அடுத்த இருநூறு வருடங்களில் பல குடும்பங்கள் இந்த ஏடுகளையே காட்டித் தாங்களும் பிரபுக்கள் என்றன. பொய்யைப் பார்த்து எழுதிய பொய், பழையதானதும் ஆவணமாகிவிட்டது.

உண்மையான பிரபுக்களும் சளைத்தவர்கள் அல்லர். க்ர்க் தீவின் பிரபுக்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஏடுகளில் இருக்கிறார்கள். முந்நூறு வருடம் 'க்ர்க் பிரபுக்கள்' என்பதே போதுமாக இருந்தது. 1430இல் நான்காம் நிகோலா ரோமுக்குப் போய், பழைய ரோமானியக் குடும்பமான ஃப்ராஞ்சிபானியின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று போப் ஐந்தாம் மார்ட்டினிடம் ஒப்புதல் வாங்கிவந்தார். அதற்குப் பின் அவர்கள் ஃப்ரான்கோபான். 1671 ஏப்ரல் 30 அன்று வீனர் நோய்ஷ்டாட்டில் ஃப்ரான் க்ர்ஸ்டோ ஃப்ரான்கோபானின் தலை வெட்டப்பட்டபோது அந்தப் பெயருக்கு வயது 241. குடும்பத்துக்கோ அதைவிட இருமடங்குக்கு மேல். அன்று கூடவே வெட்டப்பட்ட பேதார் ஸ்ரின்ஸ்கியின் முன்னோர் ஷூபிச்சுகள். 1347இல் அரசர் ஒரு கோட்டையை எடுத்துக்கொண்டு ஸ்ரின் கோட்டையைக் கொடுத்ததால் பெயரும் மாறியது. நாட்டின் தலைசிறந்த இரண்டு வம்சங்களின் பெயர்களில் ஒன்று ஆசைப்பட்டு வாங்கியது, மற்றது கோட்டையோடு வந்தது.

பெயரை வைத்து ஊர் உரிமை கொண்டாடுவதில் நாடுகளும் இறங்குகின்றன. கொர்ச்சுலா தீவில் மார்க்கோ போலோவின் வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். இத்தாலியத்தில் 'போல்லோ' கோழி, குரோஷியத்தில் 'பிலே' கோழிக்குஞ்சு, ஆகவே அவருடைய அசல் குடும்பப் பெயர் பிலிச் என்று ஒரு வாதம் உண்டு. வெனிஸ் பேச்சில் போலோ என்பது பவுல் என்ற பெயரின் வடிவம் என்ற எளிய விளக்கம் எதிரே நிற்கிறது. போலோ இறந்தது 1324இல். கொர்ச்சுலா ஏடுகளில் அந்தப் பெயர் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. 2011இல் சீனாவின் யாங்சோவில் மார்க்கோ போலோ அருங்காட்சியகத் திறப்புக்குப் போன குரோஷிய முன்னாள் அதிபர் ஸ்டீபான் மெசிச், அவரைக் குரோஷியாவில் பிறந்தவராகப் பேசியதும் இத்தாலியப் பத்திரிகைகள் கொதித்தன. சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்ததில் சிரிக்க இடமில்லை.

பெயரைக் கேட்டு இனம் சொல்லும் பழக்கம் அந்த நிலத்தில் ஆளைக் கொன்றிருக்கிறது. 1941இல் ஆட்சிக்கு வந்த உஸ்தாஷா என்ற குரோஷியப் பாசிசவாதிகள், செர்பியர் எழுதும் சிரில்லிக் எழுத்தைத் தடைசெய்தார்கள். இனச் சட்டங்கள் போட்டார்கள். அவ்வாண்டு ஜூனில் இன்னோர் ஆணை: 1918 டிசம்பர் 1க்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட யூதர்கள் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டும். லிசின்ஸ்கியின் காலத்தில் நாட்டுப்பற்றாக இருந்த செயல் நூறு வருடத்தில் குற்றமாகிவிட்டது. ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் பழையபடி இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த ஆணைக்கு வேறு பயன் இல்லை. 1991இல் யூகோஸ்லாவியா உடைந்தபோது வந்த போரிலும் சாவடியில் அடையாள அட்டை நீட்டியவர்களுக்குத் தெரியும், முதலில் படிக்கப்படுவது எது என்று.

அந்தப் படிப்பில் எவ்வளவு நிச்சயம்? பாபிச் என்று ஒரு பெயர். 'பாபா' என்ற பாட்டியிடமிருந்து வந்தது. குரோஷிய நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர் ல்யூபோ பாபிச். குரோஷியாவிலிருந்து பிரிந்த செர்பியர் குடியரசுக்குத் தலைவராக இருந்து, 2004இல் ஹேக் நீதிமன்றத்தில் பதின்மூன்று வருடத் தண்டனை பெற்றவர் மிலான் பாபிச். ஒரே எழுத்துக்கூட்டு. கோவாசெவிச், வூகோவிச், பெட்ரோவிச், மார்கோவிச் எல்லாம் அப்படியே. கொல்லனும் ஓநாயும் பேதுருவும் மாற்கும் எல்லா மதத்தார் வீட்டிலும் இருந்தார்கள். 'குரோஷியக் குடும்பப் பெயர்' என்ற சொற்றொடரே குரோஷியாவில் காணப்படும் பெயர் என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

டெஸ்லா என்ற அபூர்வப் பெயரை எடுத்துக்கொள்வோம். 'டெஸ்லா' என்றால் தச்சரின் வாச்சி. நிகோலா டெஸ்லா 1856இல் லிகா பகுதியின் ஸ்மில்யானில், செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். அது இன்றைய குரோஷியா. 1944இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு, குடும்பத்தின் முந்தைய பெயர் டிராகானிச் என்றும், தொழிலாலோ வாச்சிபோல் நீட்டிய பற்களாலோ டெஸ்லா என்ற பெயர் ஒட்டியது என்றும் எழுதியது. கதை அழகாக இருப்பதால் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். செர்பியாவின் நூறு தினார் நோட்டில் அவர் முகம். 2023 முதல் குரோஷியாவின் யூரோ சில்லறைகளிலும் அவர் முகம். அந்த நாணயத் திட்டத்துக்கு செர்பிய மத்திய வங்கி ஆட்சேபம் சொன்னது. வாச்சிக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை.

அபூர்வப் பெயர் வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல் நம் காலத்தில் சேர்ந்திருக்கிறது. ஹோர்வட் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம். நாடு முழுக்க இருபது வீட்டில் மட்டும் இருக்கும் பெயர் முகவரிக்குச் சமம். மேலைநாட்டு வங்கிகளும் நிறுவனங்களும் அடையாளம் சரிபார்க்க நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். வம்சத் தேடலில் முதலில் எல்லோரும் பகிரங்கமாக எழுதி வைப்பதும் அதுதான். 2023இல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல் களவு போனது. உறவுமுறை, இருப்பிடம் இவற்றோடு முன்னோரின் பிறந்த ஊர்களும் குடும்பப் பெயர்களும் அதில் இருந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம். பாட்டியின் பெயரை மாற்ற முடியாது.

தேட வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். தெரிந்த கடைசி ஆளிடமிருந்து, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே போக வேண்டும். நாடு போதாது, கிராமத்தின் பெயர் வேண்டும். குரோஷியாவின் பெரும்பாலான பகுதிகளில் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 1946இல்தான் ஏற்பட்டது. அதற்கு முந்தியவை கோயில் ஏடுகள், பல இப்போது அரசு ஆவணக் காப்பகங்களில். மொழி லத்தீனாகவோ இத்தாலியமாகவோ இருக்கலாம். இஸ்திரியா, க்வார்னர் பக்கம் கிளகோலித்திக் என்ற பழைய ஸ்லாவ் எழுத்திலும் இருக்கலாம். கோவாச் என்பவரைப் பாதிரியார் 'ஃபாபெர்' என்று லத்தீனாக்கி எழுதியிருந்தால் குறியீட்டுப் பட்டியலில் அவர் அகப்படமாட்டார். பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். 1918க்கு முன் சுசாக்கில் பிறந்த கிழவி தீவைவிட்டு நகராமலே ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா, குரோஷியா என்று நாலு நாட்டில் வாழ்ந்திருப்பாள். அமெரிக்காவிலுள்ள அவள் பிள்ளைகளின் காகிதங்களில் தாய்நாடு ஆளுக்கொன்றாக இருக்கும்.

இவ்வளவும் செய்து ஊரைக் கண்டுபிடித்துப் போய் இறங்கினால், அங்கே குடும்பப் பெயரால் பயனில்லை என்று தெரியவரும். ஊரில் பாதிப் பேருக்கு அதே பெயர். வீட்டை வீட்டிலிருந்து பிரிப்பது பட்டப்பெயர். சில பாதிரிமார் ஆன்மக் கணக்கில் அதைக் குறித்து வைத்தார்கள், பெரும்பாலோர் வைக்கவில்லை, சென்சஸ்காரர் கேட்கவே இல்லை. டல்மேஷியக் கிராமங்களில் முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்ததும் கிழவர்கள் கேட்கும் கேள்வி 'சியி சி?' என்பது. நீ யாருடையவன், எந்த வீட்டுப் பிள்ளை. சட்டம் போட்ட காகிதத்தை நீட்டினால், அதை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார்கள்.